பிரிப்பதற்கு முன்: தாத்தாவின் கார் கைக்கு வந்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

உங்கள் வீட்டுப் போர்டிகோவிலோ, ஊர்ப்பக்கம் வைக்கோல் போருக்கு அருகில் ஒரு கொட்டகையிலோ ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று நிற்கிறது. சிலர் வீட்டில் அதே கம்பெனியின் கெஸல், சிலர் வீட்டில் அம்பாசடர் அல்லது பிரீமியர் பத்மினி. தாத்தா வாங்கியது, அப்பா ஓட்டியது, இப்போது சாவி உங்களிடம் வந்திருக்கிறது. வந்ததும் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "அங்கங்கே பழுது பார்த்து ஓட்டலாமா, இல்லை மொத்தமா பிரிச்சு புதுசாக்கிடலாமா?"

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓடுகிற வண்டியைப் பிரிக்காதீர்கள். சேஸிஸ் போயிருந்தால் மட்டும் பிரியுங்கள். அப்படிப் பிரித்தால் முடிக்காமல் விடாதீர்கள். எதற்காக இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதை விளக்கத்தான் இந்தக் கடிதம்.

துருப்பிடித்துச் செத்த ஹெரால்டுகளை விட, பிரித்துப் போட்டதில் செத்த ஹெரால்டுகளையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். நடப்பது எப்போதும் ஒரே மாதிரிதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடற்கரை வரை போய்வந்துகொண்டிருந்த வண்டியை, பெயிண்ட் மங்கிவிட்டது என்று பட்டறையில் விடுவார்கள். "பெயிண்ட் அடிக்கிறதுன்னா கதவைக் கழற்றித்தான் ஆகணும்" என்பார் டிங்கர். கதவு கழன்றதும் ஃபுளோரில் ஓட்டை தெரியும். ஓட்டையை அடைக்க சீட்டும் கார்பெட்டும் வெளியே வரும். "இவ்வளவு தூரம் வந்தாச்சு, இன்ஜினையும் இறக்கிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். குரோம் பூசப் போன பம்பர் ஒரு கடையில், லைனிங் தைக்கப் போன சீட் இன்னொரு கடையில், நட்டு போல்ட்டெல்லாம் ஒரே பெயிண்ட் டப்பாவில். எஸ்டிமேட் இரட்டிப்பாகும். டிங்கர் வேறு பட்டறைக்குப் போய்விடுவார், அல்லது வண்டிக்காரருக்கே வெளியூருக்கு மாற்றலாகிவிடும். அதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். சுரண்டி வைத்த வெறும் தகடு ஒரே மழையில் செம்பழுப்பாகும். இரண்டு மூன்று வருடம் கழித்துப் பட்டறையைக் காலி செய்யும்போது, மிச்சமிருப்பதைப் பழைய இரும்புக்காரர் தராசில் நிறுத்து எடுத்துப்போவார். அந்த வண்டிக்கு ஆரம்பத்தில் இருந்த குறை மங்கிய பெயிண்ட் மட்டும்தான்.

ஹெரால்டு விஷயத்தில் இந்த ஆபத்து இன்னும் அதிகம், ஏனென்றால் அதைப் பிரிப்பது மிக எளிது. இங்கிலாந்தில் 1950களில் பெரும்பாலான கார் கம்பெனிகள் சேஸிஸே இல்லாமல், முழு உடலையும் ஒரே பெட்டியாக வெல்டு செய்யும் முறைக்கு மாறிவிட்டன. ஹெரால்டின் தாய்க் கம்பெனியான ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃபுக்கு உடல் செய்து கொடுத்துவந்த நிறுவனத்தை அதன் போட்டிக் கம்பெனி 1953-ல் வாங்கிவிட்டது. முழுப்பெட்டியைச் செய்துதர ஆளில்லாமல் போனதால், தனிச் சேஸிஸ் போட்டு, அதன்மேல் சின்னச் சின்னப் பாகங்களாக உடலைப் போல்ட்டால் பூட்டும் வழியை எடுத்தார்கள். இத்தாலியர் ஜியோவன்னி மிக்கெலோட்டி வரைந்த உருவம் அதன்மேல் ஏறியது. 1959-ல் அங்கே வெளிவந்த அந்தக் காரை, 1961 முதல் சென்னைக்குத் தெற்கே வண்டலூர் பக்கத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா தயாரித்தது. துண்டு துண்டாகக் கப்பலில் வந்தாலும் இங்கே கோத்துவிடலாம் என்பது நமக்கு வசதியாக அமைந்தது. முன்பக்கம் முழுவதும், மட்கார்டு, விளக்கு எல்லாமாக, முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். டயர்மேல் உட்கார்ந்துகொண்டே 948 சிசி இன்ஜினில் வேலை பார்க்கலாம். ஒரு ஸ்பானர் செட்டும் இரண்டு ஆளும் இருந்தால் ஒரு பகலில் உடலைத் தனியே எடுத்துவிடலாம். திரும்பக் கோப்பதுதான் வருடக்கணக்கில் இழுக்கும்.

இந்தச் சேஸிஸ் விவரத்தில்தான் உங்கள் கேள்விக்கான பாதி விடையும் இருக்கிறது. ஹெரால்டில் கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டித்தகடு அரித்துப்போயிருந்தால் பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் வண்டியைத் தாங்குவது அது இல்லை. தாங்குவது நடுவில் ஓடும் இரட்டைச் சேஸிஸும், அதிலிருந்து இருபுறமும் நீண்டு உடலைப் பிடித்திருக்கும் கைகளும்தான். அம்பாசடரிலும் பத்மினியிலும் கதை நேரெதிர். அவற்றுக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. கதவுக்கடிப் பெட்டியும் ஃபுளோரும்தான் முதுகெலும்பு. ஹெரால்டில் தோலில் வந்த சிரங்காக விட்டுவிடக்கூடிய அதே துரு, அம்பாசடரில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். ஒரு வண்டியைப் பார்த்துச் சொன்ன யோசனையை இன்னொரு வண்டிக்குப் பொருத்தாதீர்கள்.

ஆகவே முடிவெடுப்பதற்கு முன் ஒரு பகல் பொழுதை வண்டிக்கு அடியில் செலவழியுங்கள். ஜாக்கியில் தூக்கியதும் சரியான இரும்பு ஸ்டாண்டு கொடுங்கள். செங்கல்லை நம்பி ஒருபோதும் அடியில் நுழையாதீர்கள். கையில் டார்ச், மழுங்கிய ஸ்க்ரூ டிரைவர், ஒரு சின்னக் காந்தம் இருந்தால் போதும். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கதவின் கீழ்விளிம்பு, மட்கார்டு வளைவு, டிக்கி ஓரம் என்று மெதுவாக நகர்த்துங்கள். தகடு இருக்கும் இடத்தில் இழுக்கும். இழுக்காமல் வழுக்கிக்கொண்டு போகும் இடத்தில் பெயிண்டுக்குக் கீழே பட்டிதான் இருக்கிறது. பிறகு சேஸிஸின் ஒவ்வொரு அடியையும் ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று பதில் சொல்லும். உள்ளே அரித்துப்போனது மொத்து மொத்தென்று சொல்லும். சந்தேகமான இடத்தில் முனையால் குத்துங்கள். உள்ளே இறங்கினால் குறித்துக்கொள்ளுங்கள். பின்சக்கரத்துக்குப் பின்னால் டிக்கியின் கீழ் நீளும் பகுதியை மறக்காதீர்கள். சேறு தங்கி முதலில் அரிப்பது அங்கேதான். அம்பாசடர், பத்மினிக்காரர்கள் இன்னொன்றும் செய்யுங்கள்: வண்டி ஜாக்கியில் இருக்கும்போது கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். தரையில் இருக்கும்போது அழகாக மூடிய கதவு இப்போது இடித்தால், அடிப்பெட்டி வலுவிழந்துவிட்டது என்று அர்த்தம்.

இன்ஜினையும் திறக்காமலே விசாரித்துவிடலாம். ஹெரால்டு இன்ஜினில், கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் பிடித்துக்கொள்ள அரைவட்ட வாஷர்கள் இரண்டு, கடைசி மெயின் பேரிங்கில் இருக்கின்றன. அவை தேய்ந்து கீழே விழுந்துவிட்டால் கிராங்க் நேராக பிளாக்கில் உரசும். அப்புறம் அந்த பிளாக்கைத் தேற்றுவது கஷ்டம். இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக்கே வேண்டாம். இன்ஜினை நிறுத்திவிட்டு, பானெட்டைத் திறந்து, முன்னால் இருக்கும் கிராங்க் புல்லியைக் கவனியுங்கள். வீட்டில் யாரையாவது உள்ளே உட்காரவைத்து கிளட்சை மிதிக்கச் சொல்லுங்கள். மிதிக்கும்போது புல்லி கண்ணுக்குத் தெரிகிற அளவு முன்னால் வந்து, விடும்போது பின்னால் போனால், அன்றோடு வண்டியை நிறுத்துங்கள். நல்ல செய்தி என்னவென்றால், வாஷர் இன்னும் விழாமல் இருந்தால் இன்ஜினை இறக்காமலே, கீழே ஆயில் சம்பைக் கழற்றி, அந்த ஒரு பேரிங் மூடியை எடுத்துப் புது வாஷரை நுழைத்துவிடலாம். சின்னப் பழுது என்றால் நான் சொல்வது இந்த மாதிரி வேலையைத்தான். ஒரு நாளில் முடியும், பெரிய செலவைத் தடுக்கும், வண்டியின் அசல் உறுப்பு எதையும் வெட்டாது.

புகை வருகிறது, இழுவை இல்லை என்றதும் "ரீபோர் போட்டுடலாம்" என்று சொல்பவரிடம் கம்ப்ரஷன் பார்த்தாரா என்று கேளுங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது நான்கு பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்து, ஒவ்வொரு சிலிண்டராகக் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் குறைவாக இருந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயிலை விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் பெரும்பாலும் வால்வுதான்; ஹெட்டை மட்டும் எடுத்து வால்வ் கிரைண்டிங் செய்தால் போதும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் எத்தனை நல்ல பிளாக்குகளை லேத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தால் வயிறெரிகிறது.

எதை முதலில் செய்வது என்று கேட்டால், நிறுத்துவதும் திருப்புவதும் முதலில். இந்தப் பழைய கார்களில் பெரும்பாலும் பிரேக்குக்கு ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே சுற்று. ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்காது. வெளியே நன்றாகத் தெரிந்தாலும் வயதான ஹோஸ் அனைத்தையும் மாற்றுங்கள். அடுத்து, ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் டிரனியன். வெண்கலக் கட்டைக்குள் இரும்புத் திருகு திரும்பும் அமைப்பு அது. அதற்கு விட வேண்டியது 90 நம்பர் கியர் ஆயில். நம் பட்டறைகளில் வழக்கமாகக் கிரீஸ் அடித்துவிடுவார்கள். கிரீஸ் திருகின் இடுக்குகளுக்குள் சரியாக இறங்காது. தண்ணீர் புகுந்து உள்ளுக்குள் அரித்து, ஒரு நாள் தெருமுனையில் முழுசாக ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது பட்டென்று முறிந்து சக்கரம் மடங்கிக்கொள்ளும். கிரீஸ் கன்னிலேயே கியர் ஆயிலை ஊற்றி அடிக்கலாம், காசும் பெரிதாக ஆகாது. பெயிண்ட் பளபளக்கும் ஹெரால்டுகளின் டிரனியனில் கறுத்த கிரீஸ் வழிவதைக் காணும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது.

அதற்கடுத்து பெட்ரோல் வழி. இன்று பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் கால ரப்பர் ஹோஸும் பம்ப்பின் டயாஃப்ரமும் இதைத் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல. ஊறி, மெலிந்து, சூடான இன்ஜின்மேல் கசியும். எத்தனால் ஈரத்தை வேறு இழுக்கும், ஓடாமல் நிற்கும் வண்டியின் டேங்க் உள்ளே துருப்பிடிக்கும். எத்தனாலைத் தாங்கும் ஹோஸாகக் கேட்டு வாங்கிப் போடுங்கள். கடைசியாக வயரிங்: பல பழைய கார்களில் ஃபியூஸ் பேருக்குத்தான் இருக்கும். பேட்டரியிலிருந்து வரும் முதன்மை வயரில் ஒரு ஃபியூஸ் சேர்ப்பது வண்டியையும் வீட்டையும் காப்பாற்றும்.

இதெல்லாம் முடிந்து வண்டி ஒரு வருடம் ஒழுங்காக ஓடிய பிறகு பெயிண்டைப் பற்றிப் பேசலாம். அந்த ஒரு வருடத்தில் வண்டியே தனக்கு என்ன வேண்டும் என்று உங்களுக்குக் காட்டிவிடும்.

"சின்னப் பழுது" என்ற பெயரில் நடக்கும் ஒரு அநியாயத்தையும் சொல்ல வேண்டும். அரித்த தகட்டின் மேலேயே புதுத் தகட்டை வைத்து நான்கு மூலையில் பற்றவைப்பது. ஃபுளோர் ஓட்டையில் ஃபைபர் மேட் ஒட்டி மேலே கறுப்புத் தார் பூசுவது. மட்கார்டில் விரல் தடிமனுக்குப் பட்டி பார்ப்பது. இரண்டு தகட்டுக்கு நடுவில் தங்கும் நீர் வெளியே வர வழியில்லாமல் பக்கத்து நல்ல தகட்டையும் தின்றுவிடும். அடியில் பளபளவென்று கறுப்பு அடித்த வண்டியை விற்கக் கொண்டுவந்தால், அந்தக் கறுப்பைச் சுரண்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். துருவைப் பளபளப்பான இரும்பு தெரியும் வரை வெட்டி எடுத்து, அதே தடிமன் தகட்டை விளிம்போடு விளிம்பு சேர்த்து வெல்டு செய்து, உள்பக்கமும் பிரைமர் அடிப்பதுதான் பழுதுபார்ப்பது. உள்ளங்கை அகல வேலையாக இருந்தாலும் இப்படித்தான் செய்ய வேண்டும். விரைவில் முடிவதில் தவறே இல்லை. மூடிமறைப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

அப்படியானால் எப்போதுதான் பிரிப்பது? சேஸிஸின் நடு ரெயில் இரண்டிலும் ஸ்க்ரூ டிரைவர் இறங்கினால், அடிபட்டுச் சேஸிஸ் வளைந்திருந்தால், வெள்ளத்தில் நாள்கணக்கில் மூழ்கியிருந்தால். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் முடிச்சூரில் மூழ்கிய ஒரு ஹெரால்டை அப்போது பார்த்தேன். பிறந்த தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே அந்த வண்டி நீரில் கிடந்தது மனதைப் பிசைந்தது. கியர்பாக்ஸிலும் டிஃபரன்ஷியலிலும் ஆயில் காபி நிறத்தில் இருந்தது, பிரேக் டிரம்முக்குள் வண்டல் இறுகியிருந்தது, சேஸிஸ் குழாய்க்குள் சேறு அடைத்திருந்தது. அங்கே சின்ன வேலை என்று பேசுவதே தவறு. உடலை இறக்கினார்கள், சேஸிஸை உள்ளும் புறமும் கழுவி, கைகளை மாற்றினார்கள். அந்த வண்டி இன்று ஓடுகிறது.

அது ஓடுவதற்கு முக்கியமான காரணம், உடலைத் தூக்குவதற்கு முன் அவர்கள் செய்த ஒரு வேலை. ஒவ்வொரு கதவு வாசலின் குறுக்கேயும் இரும்புப் பட்டையை வெல்டு செய்து கட்டினார்கள். ஹெரால்டு உடல் சேஸிஸிலிருந்து விடுபட்டதும் நடுவில் தொய்ந்துவிடும். தொய்ந்த உடலைத் திரும்ப வைத்தால் கதவு எந்தக் காலத்திலும் ஒழுங்காக மூடாது. உங்கள் டிங்கர் இந்தப் பட்டையைப் பற்றித் தானாகவே பேசுகிறாரா என்று பாருங்கள். பேசினால் அவரிடம் வண்டியைக் கொடுக்கலாம். கழற்றும் ஒவ்வொன்றையும் கழற்றும் முன் போட்டோ எடுங்கள், தனித்தனிப் பையில் பெயரெழுதிப் போடுங்கள், அந்தப் பைகள் பட்டறையில் வேண்டாம், உங்கள் வீட்டில் இருக்கட்டும். பெயிண்ட் அடிப்பதற்கு முன் கதவு, பானெட், டிக்கி எல்லாவற்றையும் ஒருமுறை பூட்டி இடைவெளி பாருங்கள். அடித்த பிறகு தட்டிச் சரிசெய்ய முடியாது. எஸ்டிமேட் தொகையில் பாதி கையில் இருக்கும்போது ஆரம்பிக்காதீர்கள். முழுசும், அதற்கு மேலும் இருந்தால்தான் ஆரம்பிக்க வேண்டும்.

வெட்டி எறிவதற்கு முன் இன்னொன்றும் யோசியுங்கள். இரண்டு கதவு ஹெரால்டுக்கும் அதன் இன்ஜினுக்கும் இங்கிலாந்தில் இன்றும் உதிரிபாகம் விற்கிறார்கள், வரவழைக்கலாம். ஆனால் 1968-ல் வந்த நான்கு கதவு ஹெரால்டு மார்க் 3 உலகத்திலேயே நம் ஊரில் மட்டும்தான் செய்யப்பட்டது. 1970களில் வந்த கெஸலும் அப்படியே. அதன் பின் ஆக்ஸிலே வேறு. கம்பெனி 1988-ல் மூடப்பட்டுவிட்டது. மார்க் 3-இன் பின்கதவை எந்த நாட்டிலிருந்தும் வாங்க முடியாது. இந்த வண்டிகளில் கொஞ்சம் நெளிந்திருந்தாலும் அசல் தகட்டைத் தட்டிச் சீராக்கி வைத்துக்கொள்ளுங்கள்; சென்னை புதுப்பேட்டைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டு அப்புறம் தேடாதீர்கள்.

சட்டமும் இதே பக்கம்தான் நிற்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைத் தாண்டிய காரை வின்டேஜ் வாகனமாகப் பதியலாம். 10 ஆண்டுகளுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பிறகு புதுப்பிக்க 5,000. நம்பர் பிளேட்டில் விஏ என்ற எழுத்துகள் வரும். கண்காட்சி, ரேலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு ஆகியவற்றுக்கு ஓட்டலாம். தினசரிப் பயணத்துக்கு ஓட்டக்கூடாது. முக்கியமான நிபந்தனை: சேஸிஸ், உடல், இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. ஹெரால்டுகள் எல்லாமே அந்த வயதைத் தாண்டிவிட்டன, கெஸல்கள் ஒவ்வொன்றாகத் தொட்டு வருகின்றன. இந்த நேரத்தில் "டீசல் இன்ஜின் மாத்திடலாம், ஏசி போட்டுடலாம், முன்பக்கத்தை நவீனமாக்கிடலாம்" என்று யாராவது ஆசை காட்டினால், அந்தப் பதிவுக்கான கதவை நீங்களே அடைத்துக்கொள்கிறீர்கள். சேஸிஸ் நம்பர் பொறித்த பகுதியைத் தெரியாமல் வெட்டிவிட்டால் சிக்கல் இன்னும் பெரிது. எந்த வேலைக்கும் முன்னால் சேஸிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டுப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புத்தகம் இன்னும் தாத்தா பெயரில் இருந்தால், டிங்கருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் வாரிசுப் பெயர் மாற்றத்தை முடியுங்கள்; அண்ணன் தம்பிகளிடம் கையெழுத்து வாங்குவது வண்டி பளபளப்பான பிறகு கடினமாகிவிடும்.

ஏற்கெனவே பிரித்துப் போட்டவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த வாரமே பட்டறைக்குப் போய், இருப்பதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். வெறும் தகட்டுக்கு ஒரு கோட்டாவது பிரைமர் அடித்துவிட்டு வாருங்கள். சேஸிஸ், இன்ஜின், சக்கரம் மூன்றையும் முதலில் ஒன்றுசேர்த்துத் தள்ளினால் நகரும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். நகரும் வண்டியை யாரும் எளிதில் எடைக்குப் போட மாட்டார்கள். உங்களால் முடியாது என்று தெரிந்துவிட்டால் தயவுசெய்து பாகம் பாகமாக விற்காதீர்கள். இன்ஜினுக்கு ஒருவர், கதவுக்கு ஒருவர், சக்கரத்துக்கு ஒருவர் என்று வருவார்கள், கூட்டிப் பார்த்தால் காசும் கொஞ்சம் கூடக் கிடைக்கலாம். அவர்களை அனுப்பிவிட்டு, ஆர்.சி. புத்தகம், சாவி, டிக்கியில் கிடக்கும் பழைய ஜாக்கி வரை சேர்த்து, முழுசாக எடுத்துக்கொள்ளும் ஒருவரிடம் கொடுங்கள். சென்னையிலும் கோவையிலும் அப்படிக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். நானும் விசாரித்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்களைப் போல் ஒரு ஹெரால்டுக்காரன்